பீரோவைத் திறந்து வையுங்கள்: குமரி மாவட்டத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு நூலக வழிகாட்டி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது. மேடையில் பேச நல்ல வரி. அதே மாவட்டத்தில் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளிக்குள் போய், "பிள்ளைகள் வாசிக்கிற கதைப் புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் தலைமையாசிரியர் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோவைக் காட்டுவார்கள். சாவி கிடைக்க ஐந்து நிமிடம் ஆகும். நானும் அந்தச் சாவியைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தவள்தான். புத்தகம் தொலைந்தால் தணிக்கைக்கு யார் பதில் சொல்வது என்ற பயம்.

சீர்காழியில் பிறந்து உலகத்துக்கே நூலகப் பாடம் சொன்ன எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து விதிகளை வகுத்தபோது முதல் விதியாக வைத்தது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான். ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். நாம் சங்கிலி போடவில்லை, பூட்டுப் போட்டிருக்கிறோம்.

இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், தனி நூலக அறை கிடையாது, நூலகரும் கிடையாது. இப்படிப்பட்ட பள்ளியை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வசதியுள்ள பள்ளிகள் இதைவிட நன்றாகவே செய்துகொள்ளலாம்.

முதல் வேலை: தரையில் கொட்டிப் பிரிப்பது

ஒரு சனிக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள். பீரோவில் உள்ள எல்லாவற்றையும் பாயில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள். பிள்ளை இன்றைக்கே எடுத்துப் பார்க்கக்கூடியவை ஒன்று. ஆசிரியருக்கானவை, தடிமனான கட்டுரைத் தொகுப்புகள், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த தேர்வு வழிகாட்டிகள் இரண்டாவது. கிழிந்தவை மூன்றாவது. முதல் குவியல் சிறியதாகத்தான் இருக்கும். பதற வேண்டாம். நாற்பது பிள்ளைகளுக்கு நூறு நல்ல புத்தகம் இருந்தால் தொடங்கிவிடலாம். படிக்கவே முடியாத ஐந்நூறு புத்தகம் இருந்து என்ன பயன்?

குறைவதை நிரப்ப வழிகள் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் அவற்றை முன்வரிசையில் வையுங்கள். எழுத்து பெரிது, பக்கம் குறைவு, ஒரே மூச்சில் முடிக்கலாம். ஊஞ்சல் சிறுவர் இதழ்களை அடுக்கிக் கட்டி வைக்காமல் தனித்தனியாக வெளியே விடுங்கள். நேஷனல் புக் டிரஸ்டின் மெலிந்த படக்கதைகள் விலை குறைவு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய உண்டு. திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்சிட்டுக் கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வண்ணத்தில் அச்சிட்டால் செலவு கூடும். கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகளே வண்ணம் தீட்டிவிடுவார்கள். அப்புறம் அந்தப் புத்தகத்தைக் கையிலிருந்து பிடுங்குவதுதான் கஷ்டம்.

இடம்: வகுப்பறைச் சுவரும் ஒரு கடவமும்

அடுக்கின் மேல்தட்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். அதற்கு மேலே தட்டு இருந்தால் அதில் சாக்பீஸ் பெட்டியை வையுங்கள். முதுகுப் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி புத்தகத்தை அடுக்கினால் சின்னப் பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பது அட்டையைப் பார்த்து. சன்னல் கம்பியிலிருந்து சன்னல் கம்பிக்கு இரண்டு வரிசை கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் புத்தகங்களைத் தொங்கவிடுங்கள். செலவு ஐம்பது ரூபாய்க்குள் முடியும். ஒன்றாம் வகுப்புக்கான படப் புத்தகங்களை ஒரு பனையோலைக் கடவத்தில் போட்டுத் தரையிலேயே வையுங்கள். கையை விட்டுக் கிளறுவதில் அந்த வயசுக்கு ஒரு சுகம் இருக்கிறது.

வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் உண்டு. மற்ற புத்தகங்களையும் இதே முறையில் பிரித்து, அட்டை மூலையில் நான்கு நிறப் பொட்டு ஒட்டிவிட்டால் உங்களுக்கு வசதி. உங்களுக்கு என்று சொல்வதைக் கவனியுங்கள். "நீ பச்சைப் பொட்டுதான் எடுக்கணும்" என்று பிள்ளையிடம் சொன்ன அன்றைக்கே அந்தப் பொட்டு மதிப்பெண் ஆகிவிடும். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி ஏற்கெனவே பிரித்து உட்கார்த்தியிருக்கிறோம். நூலக மூலையிலாவது அந்த வேலி வேண்டாம்.

தன் அளவுக்கு ஏற்ற புத்தகத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கட்டும். தடுக்குகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது யாராவது வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். அதையும் எடுத்துப் போகலாம், வீட்டில் அக்கா இருப்பாள். பக்கத்துக்கு இரண்டு வரி உள்ள படக்கதைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

தினமும் பத்து நிமிடம் வாசித்துக் காட்டுவது

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவி, மணி அடிக்கும்வரை முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் பத்து நிமிடம் கிடைக்கும். எல்லாரையும் அழைக்க வேண்டாம். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால் நாலு பேர் வருவார்கள். ஒரு வாரத்தில் நாற்பது பேரும் வருவார்கள்.

செய்முறை இதுதான். முந்தின நாளே நீங்கள் ஒருமுறை வாசித்துவிடுங்கள். முன்பின் பார்க்காத கதையை வாசிக்கிற குரல் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். படம் அவர்கள் பக்கம் இருக்கும்படி புத்தகத்தை மார்புக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். அட்டையைக் காட்டி, "உள்ளே என்ன இருக்கும்ணு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அச்சில் உள்ளதை உள்ளபடி வாசியுங்கள். நம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிச் சொல்வது கதை சொல்லல். அது வேறு ஒரு நல்ல கலை, வேறு வேளைக்கு. எழுத்துத் தமிழின் ஓசை காதில் விழுந்தால்தான் பின்னால் கண்ணால் வாசிக்கும்போது அது அந்நியமாகத் தெரியாது. நாக்கில் "வந்நாவ, போனாவ" இருக்கும் பிள்ளைக்கு "வந்தார்கள், சென்றார்கள்" ஏறக்குறைய இன்னொரு மொழி.

ஆனால் கதையைப் பற்றிப் பேசும்போது முழுக்க ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். இதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். விளவங்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்றில், "ஊருக்குள் வெள்ளம் வந்துவிட்டது" என்று ஒரு கதையைப் பரபரப்பாக வாசித்து நிறுத்தினேன். பிள்ளைகள் சிரித்த முகத்தோடு இருந்தார்கள். "மக்களே, பயமா இல்லையா?" என்றேன். "வெள்ளம் வந்தா நல்லதுதானே டீச்சர், குடத்த எடுத்துட்டுப் போலாமே" என்றாள் ஒருத்தி. அந்தப் பக்கம் குடிக்கிற தண்ணீர்தான் வெள்ளம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்றே எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத் தொடங்கியதுதான் எங்கள் ஊர்ச்சொல் நோட்டு. கதையில் பலாப்பழம் வந்தால் நம் ஊரில் சக்கை, மரவள்ளி வந்தால் மரச்சீனி, முந்திரிக்கொட்டை வந்தால் அண்டி. ஒரு பக்கம் புத்தகச் சொல், எதிர்ப்பக்கம் வீட்டுச் சொல், நடுவில் பிள்ளை வரைந்த படம். சுவரில் தொங்கும் அந்த நோட்டு, நான் பார்த்தவரை, பள்ளியில் அதிகம் புரட்டப்பட்ட புத்தகம்.

கடற்கரைப் பள்ளியில் இருந்தபோது நிலைமை தலைகீழ். படத்தில் ஒரு மீனைக் காட்டினால் போதும், அது சாளையா அயலையா என்று பத்து நிமிடம் வழக்கு நடக்கும். ஓவியர் செதிலைத் தப்பாக வரைந்திருக்கிறார் என்று தீர்ப்பும் வரும். அந்தப் பத்து நிமிடம் வீணாகிறது என்று நினைக்காதீர்கள். புத்தகம் தப்பாகவும் இருக்கலாம், தனக்கு அதைவிட அதிகம் தெரிந்திருக்கலாம் என்று உணர்ந்த பிள்ளை அடுத்த புத்தகத்தை வேறு கண்ணோடு திறக்கும்.

எல்லையோரப் பள்ளிகளில் வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு எழுத்தே இல்லாத படக்கதையைக் கொடுத்து, எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லச் சொல்லுங்கள்.

வாசித்து முடித்ததும் "இதில் என்ன நீதி?" என்று கேட்காதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு, "பொய் பேசக் கூடாது" என்பார்கள். எந்தக் கதைக்கும் அதே பதில்தான். "மறுபடியும் வாசிங்க" என்று கேட்டால் மறுபடியும் வாசியுங்கள். ஒரே கதையைப் பத்தாவது முறை கேட்கும் பிள்ளை வரிகளை மனப்பாடமாகச் சொல்லும். பிறகு தனியாகப் புத்தகத்தை எடுத்து, மனதில் இருக்கும் வரியை அச்சில் தேடும். எழுத்து கூடுவது பல பிள்ளைகளுக்கு அங்கேதான் நடக்கிறது.

இன்னொரு தந்திரம்: வாரத்துக்கு ஒருமுறை, கதை உச்சத்தில் நிற்கும்போது புத்தகத்தை மூடிக் கயிற்றில் மாட்டிவிட்டு எழுந்து போய்விடுங்கள். இடைவேளையில் அந்தக் கிளிப்பைச் சுற்றி நடக்கும் தள்ளுமுள்ளை வராந்தாவிலிருந்து பார்க்கலாம்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

பயம் எல்லாம் இங்கேதான். முறை எளிது. நோட்டில் புத்தகத்துக்கு ஒரு பக்கம் என்று போடாமல், பிள்ளைக்கு ஒரு பக்கம் போடுங்கள். தேதி, புத்தக எண், திரும்பிய தேதி, மூன்று கட்டம் போதும். எழுதுவது நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பொறுப்பு. வாரத்துக்கு இருவர் என்று மாற்றுங்கள். எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளைகளையே நூலகர் ஆக்காதீர்கள். பேசவே பேசாத பையன் ஒருவனுக்கு அந்த மேசையில் உட்கார்ந்த வாரம்தான் குரல் வந்தது.

வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கள்கிழமை வாங்குவதுதான் வழக்கம். எனக்கு அது சரிப்படவில்லை. சனி ஞாயிறில் மறைக்கல்வி, கல்யாணம், கோவில் கொடை விழா, அம்மாவின் தாய்வீடு என்று பையைத் திறக்கவே மாட்டார்கள். செவ்வாயில் கொடுத்து வியாழனில் மாற்றுங்கள். இரண்டு இரவு ஒரு மெல்லிய புத்தகத்துக்குப் போதும்.

மழை நம் ஊருக்கு உள்ள தனிப் பிரச்சினை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே நமக்குப் பெய்யும். பள்ளி திறக்கும் ஜூனில் ஒன்று, அரைப் பரீட்சைக்கு முன் இன்னொன்று. துணிக்கடையில் சேலைக்குத் தரும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை எல்லார் வீட்டிலும் சும்மா கிடக்கும். ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்குள் போட்டுத்தான் புத்தகம் வெளியே போக வேண்டும். அப்படியும் நனைந்தால் வெயிலில் போடாதீர்கள், தாள் வளைந்துவிடும். பக்கங்களுக்கிடையே செய்தித்தாளைச் செருகி மின்விசிறிக்குக் கீழே வைத்து, தாள் ஈரமானதும் மாற்றுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மெல்லிய தாளில் பசை தடவி ஒட்டுவதே மேல். மைதாப் பசை என்றால் லேசாகத் தடவுங்கள், பூச்சிக்கு அது விருந்து. அடுக்கை ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பாச்சை உருண்டை பிள்ளைகள் கை படும் இடத்தில் வேண்டவே வேண்டாம், மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். உண்மையில், தினமும் கை மாறுகிற புத்தகத்தில் ராமபாணப் பூச்சி குடியேற நேரமே இருக்காது.

பெற்றோரிடம் "தினமும் பிள்ளையோடு வாசியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன்னே போகிற அப்பா இரவு எட்டுக்கே கண்ணயர்ந்துவிடுவார். அண்டி ஆபீஸிலிருந்து, அதாவது முந்திரித் தொழிற்சாலையிலிருந்து, வரும் அம்மாவுக்கு அடுப்படி காத்திருக்கும். வாசிக்க வேண்டாம், பிள்ளை வாசிப்பதைக் காதில் வாங்கினால் போதும் என்று சொல்லுங்கள். மீன் அரிந்துகொண்டே, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம். எழுத்துத் தெரியாத பாட்டிதான் இதற்குச் சரியான ஆள். அவள் தப்பைத் திருத்த மாட்டாள், கதையை ரசிப்பாள். மேற்குக் கடற்கரை ஊர்களில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டில் இருக்கும் மாதங்கள் அவை, பள்ளியும் அப்போதுதான் திறக்கிறது. அங்கே வீட்டு வாசிப்பை ஜூனிலேயே தொடங்கிவிடுங்கள். ஆகஸ்டுக்குத் தள்ளினால் அடுத்த வருடம்தான்.

செயல்பாடுகள்: நான்கு போதும்

நூலகச் செயல்பாடு என்று ஐம்பது எழுதலாம். இரண்டு ஆசிரியர்களால் நடத்த முடிவது நாலோ ஐந்தோ. எனக்குப் பலித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெரியவர் சிறியவர் ஜோடி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் இருமுறை வாசித்துக் காட்டுவது. பல வகுப்பு ஒரே அறையில் இருப்பது இதற்கு வரம். இதன் உண்மையான பயன் சிறியவருக்கு என்பதைவிடப் பெரியவருக்குத்தான். எழுத்துக் கூட்டித் தடுமாறும் ஐந்தாம் வகுப்புப் பையனிடம் சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை நீட்டினால் முகம் கறுத்துவிடும். "நாளைக்கு உன் குட்டிக்கு இதை வாசிச்சுக் காட்டணும், பார்த்து வெச்சுக்க மக்கா" என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று முறை வாசித்துவிட்டு வருவான். அவன் மானமும் போகாது. அப்படி ஒரு பையன் நுழைப் படியிலிருந்து ஓடுவுக்கு வர எட்டு மாதம் எடுத்தது. நான் அவனுக்குத் தனியாக ஒரு பாடமும் நடத்தவில்லை.

பிள்ளைகளே செய்யும் புத்தகம். இரண்டு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்து, முதுகில் ஸ்டேப்ளர் அடித்தால் எட்டுப் பக்கம். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லச் சொல்ல, அது சொன்ன அதே பேச்சில், நீங்கள் எழுதுங்கள். படம் அதனுடையது. அப்பாவின் வள்ளம், ரப்பர் ஷீட் காயப்போடும் கொடி, தோவாளைப் பூச்சந்தைக்குப் போன நாள், பக்கத்து வீட்டு நாய், எதுவாகவும் இருக்கலாம். முக்கியமானது அடுத்து வருவது: அந்தப் புத்தகத்துக்கும் எண் போட்டு, பொட்டு ஒட்டி, மற்றவற்றோடு கயிற்றில் மாட்டுங்கள். கடன் நோட்டில் அந்த எண் ஏறும் நாளில் எழுதிய பிள்ளையின் நடையே மாறியிருக்கும்.

காலைக் கூட்டத்தில் ஒரு நிமிடம். திருக்குறள், செய்தி எல்லாம் முடிந்ததும் ஒரு பிள்ளை தான் வாசித்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டி மூன்று வாக்கியம் சொல்லட்டும். கதை முழுவதையும் சொல்லக் கூடாது என்பது மட்டும் விதி. "எனக்குப் பிடிக்கல" என்று சொல்லவும் உரிமை உண்டு. பிடிக்கவில்லை என்று ஒருத்தி சொன்ன புத்தகத்தை அன்று மாலையே ஆறு பேர் கேட்டார்கள். என்ன அப்படி மோசம் என்று பார்க்கத்தான்.

குரல் நாடகம். உரையாடல் நிறைந்த ஒரு கதையை எடுத்து, பாத்திரத்துக்கு ஒருவர் என்று பங்கு பிரித்து, கையில் புத்தகத்தோடு வாசிப்பது. வேடம், மேடை, மனப்பாடம் எதுவும் வேண்டாம். ஒரே பத்தியைச் சலிக்காமல் இருபது முறை வாசிக்க வைக்க வேறு வழி எனக்குத் தெரியாது.

சிறப்பு நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலை 27, தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பிறந்தநாள். நம் ஊர்க்காரர், குழந்தைகளுக்குப் பாடியவர். அன்று உரை வேண்டாம், அவர் பாட்டைப் பாடினால் போதும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ நடத்தியே கூட்டிப் போங்கள். 1948 நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம். ரசீதைப் பெற்றோரிடம் காட்டினால் பிள்ளையை உறுப்பினராக்க யாரும் மறுப்பதில்லை.

செய்யக் கூடாதவை

அதிகப் புத்தகம் வாசித்தவருக்குப் பரிசு என்று ஒரு வருடம் அறிவித்தேன். முதல் வாரத்திலேயே ஒருவன் பதினொரு புத்தகம் திருப்பினான். ஒன்றைப் பற்றிக் கேட்டேன். "அதுல நாய் இருக்கு டீச்சர்" என்றான். அட்டையில் இருந்த நாய். தப்பு அவன்மீது இல்லை, நான் எண்ணிக்கையைக் கேட்டேன், அவன் எண்ணிக்கையைக் கொடுத்தான்.

வாசித்ததும் கதைச் சுருக்கம் எழுதச் சொல்வதும் அதே வகைதான். எழுத வேண்டுமே என்று வாசிப்பதையே நிறுத்திவிடுவார்கள். வாசிக்கும்போது குறுக்கே புகுந்து ரகர றகரத்தைத் திருத்தாதீர்கள், அதற்குத் தமிழ் வகுப்பு இருக்கிறது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கு நூலக நேரம் கிடையாது என்று தண்டிக்காதீர்கள். சேட்டை செய்தவனை "போய்ப் புத்தகம் எடுத்து உட்காரு" என்று விரட்டவும் செய்யாதீர்கள். பாதியில் பிடிக்காமல் மாற்ற வந்தால் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். நாமும் எத்தனை புத்தகத்தைப் பாதியில் வைத்திருக்கிறோம்.

தொலைந்தால்?

தொலையும். கிழியும். தம்பி கடிப்பான், ஆடு தின்னும். என் அனுபவத்தில் நூறில் ஐந்தாறு வருடத்தில் போகும். அபராதம் போட்டால் பிள்ளை அடுத்த நாளிலிருந்து புத்தகமே எடுக்காது. போனவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இருப்புப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே தீர்மானத் தேதியைக் குறியுங்கள். தணிக்கைக்குக் காட்ட உங்கள் கையில் தாள் இருக்கும், சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஏப்ரல் கடைசியில் எல்லாப் புத்தகத்தையும் வாங்கிப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போவது நம் பழக்கம். அதையும் மாற்றலாம். நீண்ட விடுமுறைக்கு ஆளுக்கு மூன்றாகக் கொடுத்தனுப்பினால் மே மாதம் பீரோ காலியாக இருக்கும், பூச்சிக்கும் வேலை இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிப்பவர்களிடம் மட்டும் கடைசி வாரத்திலேயே வாங்கிவிடுங்கள், ஜூனில் அவர்கள் வேறு பள்ளி. வாங்குகிற அன்றே, கிளை நூலக உறுப்பினர் படிவத்தை நிரப்பி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.